மார்ஃபின்ல இருக்கிற அப்பாவுக்கு வாய் காஞ்சுகிட்டே இருக்கு, எவ்ளோ தண்ணி குடுத்தும் அடங்கல, என்ன பண்ணலாம்?

இளையவள்
வணக்கம். அப்பாவுக்கு கணையத்துல கேன்சர், இனிமே கீமோ வேண்டாம்னு முடிவாகி பாலியேட்டிவ் கேர்ல, அதாவது கஷ்டத்தக் குறைக்கிற பராமரிப்புல, வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிறோம். வலி இப்ப பரவாயில்ல, மார்ஃபின் நல்லா கேக்குது. ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின், அரிப்புக்கு ஒரு அலர்ஜி மாத்திரை, ஒண்ணுக்கு அடிக்கடி வருதுன்னு ஆக்ஸிபியூட்டினின், இதெல்லாமும் போகுது. வலி அடங்கினதுக்கு அப்புறம் அவர் சொல்ற ஒரே கஷ்டம் வாய்தான். நாக்கு அண்ணத்துல ஒட்டிக்குது, பேச ஆரம்பிச்சா பாதியிலயே நிறுத்திடுறாரு, சாப்பாடு எதுவும் ருசிக்கல, மாத்திரை தொண்டையில நிக்குதுங்கிறாரு. தண்ணி குடுத்தா கொஞ்ச நேரம்தான், மறுபடி வறண்டுடுது. ராத்திரி வாயைத் திறந்துட்டு தூங்குறதால விடியக்காலையில உதடெல்லாம் வெடிச்சிருக்கு. பாக்க வர்றவங்க கிட்ட கேட்டா இந்த நோய்க்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அண்ணன் ட்ரிப்ஸ் போட்டா சரியாயிடும்ங்கிறான். அப்பா நல்லா பேசுற மனுஷன், வாய் காயுதுன்னு பேச்சையே குறைச்சுக்கிட்டாரு, அதத்தான் என்னால தாங்க முடியல. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

வார்டு செவிலி
தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இருக்கத்தான் செய்யும்னு விட்டுடுற விஷயமே இல்ல இது. நான் பாலியேட்டிவ் வார்டுல ரொம்ப வருஷமா வேலை பாக்குறேன், வலிக்கு அடுத்தபடியா பேஷண்ட்டுங்க வாய் விட்டு சொல்ற கஷ்டம் பெரும்பாலும் இதுதான், நாம கேக்காம விட்டா அவங்களும் சொல்ல மாட்டாங்க. முழுசா சரியாகாம போகலாம், ஆனா நல்லாவே குறைக்க முடியும்.

தண்ணி ஏன் நிக்க மாட்டேங்குதுன்னா, எச்சில் வெறும் தண்ணி இல்ல. அதுல மியூசின்னு ஒரு வழவழப்பான பொருள் இருக்கு, அதுதான் நாக்கு, கன்னத்து உள்பக்கம் எல்லாத்துலயும் ஒரு படலமா ஒட்டி ஈரத்தைப் பிடிச்சு வைக்குது. தண்ணி நனைச்சுட்டு போயிடும், பிடிச்சு வைக்காது. அதனால ஒரு டம்ளர் தண்ணி ஒரே தடவை குடிக்கறதவிட ஒரு வாய் தண்ணி அடிக்கடி குடுக்கறது நல்லது, அதுக்கு மேல ஒரு ஜெல்லோ செயற்கை எச்சில் ஸ்ப்ரேயோ போட்டா இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

இன்னிக்கே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. டார்ச் எடுத்து வாயைப் பாருங்க. பல்செட் இருந்தா கழட்டிட்டுப் பாருங்க. நாக்கு மேல, நாக்கு அடியில, அண்ணம், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கற பள்ளம், உதட்டு ஓரம், எல்லா இடமும். வெள்ளையா திட்டு இருக்கா, சிவந்து இருக்கா, புண்ணு இருக்கா, அண்ணத்துல சாப்பாடு காஞ்சு ஒட்டியிருக்கா. வெறும் வறட்சின்னு நினைச்சுகிட்டு இருக்கற பாதி கேஸ்ல உள்ள வேற ஏதாவது ஒண்ணு கூடவே இருக்கும், அத சரி பண்ணாம எந்த ஸ்ப்ரே அடிச்சாலும் எரிச்சல்தான் ஆகும்.

ஃபார்மசி தம்பி
மருந்து லிஸ்ட்டப் பாத்ததும் பகீர்னு ஆச்சு அக்கா. மார்ஃபின் வாயை வறட்டும், அது தெரிஞ்சதுதான், வலிக்கு அது வேணும், அத தொட வேண்டாம். ஆனா மீதி மூணும் ஒரே வேலையத்தான் செய்யுது. அமிட்ரிப்டிலின், பழைய வகை அலர்ஜி மாத்திரை, ஆக்ஸிபியூட்டினின், இது மூணுமே எச்சில் சுரப்பிக்குப் போற நரம்போட சிக்னலை மறிக்கிற மருந்துங்க. ஒவ்வொண்ணா பாத்தா சின்ன டோஸாத்தான் தெரியும், மூணும் ஒண்ணு சேரும்போது சுரப்பி கிட்டத்தட்ட மூடிக்குது. வேற வேற நாள்ல வேற வேற காரணத்துக்கு எழுதினதா இருக்கும், மொத்தமா வச்சு யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, முக்கியமா அமிட்ரிப்டிலின் நரம்பு வலிக்கு குடுத்திருக்கலாம். ஆனா டாக்டர் கிட்ட லிஸ்ட்ட முழுசா நீட்டி இதுல எது எது வாயை வறட்டுது, எத நிறுத்தலாம், எத மாத்தலாம், எத குறைக்கலாம்னு நேரா கேளுங்க. நரம்பு வலிக்கு கபாபென்டின் மாதிரி வழி இருக்கு, ஒண்ணுக்கு பிரச்சினைக்கு மிராபெக்ரான் இருக்கு, அரிப்புக்கு என்ன காரணம்னு பாத்தா அந்த மாத்திரையே தேவைப்படாம போகலாம். ஃப்ரூஸ்மைட் மாதிரி நீர் பிரிக்கிற மாத்திரை ஏதாவது பழைய பழக்கத்துல போயிட்டு இருக்கான்னும் பாருங்க.

தூக்கம் தொலைத்தவன்
எங்க அம்மாவுக்கு இதே நிலைமை இருந்துச்சு, அதனால ராத்திரி பத்தி மட்டும் சொல்றேன். படுக்கையோட தலைப்பக்கத்த கொஞ்சம் தூக்கி வச்சோம், வாய் திறக்கறது கொஞ்சம் குறைஞ்சுது. ஃபேன் காத்து நேரா முகத்துல அடிக்காம திருப்பி வச்சோம். அறையில காத்துக்கு ஈரம் சேக்குற ஹியூமிடிஃபையர் வச்சோம். தூங்கறதுக்கு முன்னாடி வாயைத் துடைச்சுட்டு ஜெல்ல மெல்லிசா நாக்குலயும் கன்னத்துக்குள்ளயும் தடவிடுவோம், ஸ்ப்ரேய விட ஜெல்தான் ராத்திரிக்கு நிக்கும். பக்கத்துலயே அவங்க கைக்கு எட்டுற மாதிரி ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி. அந்த பாட்டில் அவங்க கையில இருந்தது ரொம்ப முக்கியம், ஏன்னா ஒவ்வொரு தடவையும் யாரையாவது எழுப்பி தண்ணி கேக்கணும்ங்கிற கூச்சத்துலயே விடிய விடிய காஞ்ச வாயோட கிடப்பாங்க. பாட்டில் தண்ணிய தினமும் மாத்தி கழுவுங்க, இல்லன்னா கிருமி வளரும்.

இளையவள்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டார்ச் அடிச்சுப் பாத்தேன். மேல் பல்செட் போட்டிருக்காரு, கழட்டினா அண்ணம் முழுக்க செக்கச்செவேல்னு இருக்கு. கன்னத்துக்குள்ள வெள்ளை வெள்ளையா தயிர் மாதிரி ஒட்டியிருக்கு, உதட்டோட ரெண்டு ஓரமும் வெடிச்சிருக்கு. பல்செட்ட ராத்திரி கூட கழட்டுறதில்லயாம், கழட்டினா முகம் ஒடுங்கிப் போகுதுன்னு அவருக்கு வருத்தம்.

பல் மருத்துவம்
நீங்க எழுதியிருக்கறத வச்சுப் பாத்தா பூஞ்சைத் தொற்றா இருக்கத்தான் அதிக வாய்ப்பு, கேண்டிடான்னு சொல்வோம். டாக்டரோ நர்ஸோ நேர்ல பாத்து உறுதி பண்ணட்டும். எச்சில் குறைஞ்சா அதோட சேந்து வாயைக் காக்குற சத்துக்களும் குறைஞ்சுடுது, அங்கதான் இந்தப் பூஞ்சை குடியேறும். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் எடுத்தவங்களுக்கு இன்னும் சுலபமா வரும். எரிச்சல், ருசி மாறுறது, முழுங்கும்போது நெஞ்சுக்குள்ள வலி, இதெல்லாம் அதோட வேலை.

நிஸ்டாட்டின் சொட்டு மருந்து குடுத்தா ஒரு நாளைக்கு 4 வேளை. வாயை சுத்தம் பண்ணிட்டு, பல்செட்ட கழட்டிட்டு, மருந்த வாய்க்குள்ள முடிஞ்சவரைக்கும் சுத்தி சுத்தி வச்சிருந்து அப்புறம் முழுங்கணும், அதுக்கப்புறம் அரை மணி நேரம் எதுவும் குடிக்க வேண்டாம். குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் யூஸ் பண்ணா ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது அரை மணி நேர இடைவெளி விடுங்க, ஒண்ணு இன்னொண்ண செயலிழக்க வச்சுடும். நிறைய பரவியிருந்தாலோ முழுங்கும்போது வலிச்சாலோ ஃப்ளூகோனசோல் மாத்திரை குடுப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கிறவங்களா இருந்தா அத கட்டாயம் டாக்டர் கிட்ட சொல்லிடுங்க, ஃப்ளூகோனசோல் அதோட வேகத்தக் கூட்டிடும்.

பல்செட் விஷயத்துல கண்டிப்பா இருங்க. அதுலயும் பூஞ்சை ஒட்டியிருக்கும், வாய்க்கு மட்டும் மருந்து போட்டா பல்செட்ல இருந்து மறுபடி வந்துடும். தினமும் பிரஷ்ஷால தேய்ச்சு கழுவி ராத்திரி ஊற வைக்கணும். அவருக்கு முகம் ஒடுங்குறது வருத்தம்னா விருந்தாளி வர்ற நேரம், சாப்பிடுற நேரம் போட்டுக்கட்டும், தூங்கும்போது மட்டும் வேண்டாம்னு பேசிப் பாருங்க. அந்த வருத்தத்த சின்னதா நினைக்காதீங்க, நோயாளியா இருந்தாலும் தன் முகம் தன் முகமா இருக்கணும்னு ஆசை இருக்கும்.

சொந்தப் பல் இருக்கறவங்களுக்கு: எச்சில் இல்லாத வாயில பல் ரொம்ப வேகமா சொத்தையாகும். மெல்லிசான பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட், நுரை வர்ற சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத வகையா இருந்தா வாய் எரியாது. வாய் ஈரமாகட்டும்னு சர்க்கரை மிட்டாய் சப்ப வைக்காதீங்க, சர்க்கரை இல்லாததா பாத்து வாங்குங்க. ஆல்கஹால் இருக்கற மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம், வறட்டி எரிச்சலாக்கும்.

பழைய பராமரிப்பாளர்
எலுமிச்சை கிளிசரின் தடவின பஞ்சுக்குச்சி நல்லதுன்னு எனக்கு சொன்னாங்க. வாய்ல வச்ச உடனே எச்சில் ஊறுது, அத சொல்லலாமா?

பல் மருத்துவம்
வேண்டாம். வச்ச உடனே புளிப்புக்கு எச்சில் ஊறும், அதனாலதான் நல்லது மாதிரி தெரியுது. திரும்பத் திரும்ப வச்சா கிளிசரின் ஈரத்த உறிஞ்சி முன்ன விட மோசமா வறண்டுடும், எலுமிச்சை அமிலம் பல் எனாமலை அரிக்கும், புண்ணு இருந்தா பயங்கரமா எரியும். ரொம்ப காலமா பழக்கத்துல இருந்தது, இப்ப வாய்ப் பராமரிப்பு வழிகாட்டிகள்ல வேண்டாம்னுதான் இருக்கு. இதே காரணத்துக்குத்தான் செயற்கை எச்சில் வாங்கும்போதும் பாக்கணும், சில ஸ்ப்ரேக்கள் அமிலத்தன்மை உள்ளது, பல் இல்லாதவங்களுக்கு சரி, பல் இருக்கறவங்களுக்கு அமிலம் இல்லாதத கேட்டு வாங்குங்க. அன்னாசி துண்டு சப்புறதும் அப்படித்தான், வாய் நல்லா இருக்கறவங்களுக்கு எப்பவாவது ஒரு துண்டு சப்பினா நாக்குல படிஞ்சது கரையும், சந்தோஷமாவும் இருக்கும், புண்ணு இருக்கற வாயில வைக்கக் கூடாது.

மூத்தமகன்
நான் கொஞ்சம் மாறுபடுறேன், மன்னிச்சுக்கோங்க. எல்லாரும் ஸ்ப்ரே, ஜெல்னு பேசுறீங்க. ஒரு மனுஷன் வாய் வறண்டு கிடக்கான்னா உடம்புல தண்ணி இல்லன்னுதானே அர்த்தம்? ட்ரிப்ஸ் போடாம வாயை மட்டும் துடைச்சுகிட்டு இருக்கறது எனக்கு அவங்கள தாகத்தோட விடுற மாதிரி இருக்கு. என் அப்பாவுக்கு ட்ரிப்ஸ் வேண்டாம்னு சொன்னப்ப வீட்ல பெரிய சண்டை நடந்துச்சு, இன்னிக்கும் அது மனசுல இருக்கு.

வீட்டுக்கு வரும் டாக்டர்
உங்க கேள்வி நியாயமானது, இத கேக்காத குடும்பமே இல்ல, பாசம் இருக்கறதாலதான் கேக்குறீங்க. அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

வாய் வறட்சியும் உடம்புல தண்ணி குறையறதும் ஒண்ணு இல்ல. சாதாரணமா ஒரு ஆளுக்கு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் எச்சில் சுரக்கும். மருந்து அந்த சுரப்பிய அடக்கி வச்சிருக்கும்போது ரத்தத்துல எவ்ளோ தண்ணி ஏத்தினாலும் சுரப்பி திறக்காது. கழுத்து, முகத்துக்கு ரேடியேஷன் வாங்கினவங்களுக்கு சுரப்பியே சேதமாகியிருக்கும். வாயால மூச்சு விடறவங்களுக்கு காத்து வந்து காய வைக்குது. இந்த மூணுல எதுக்குமே ட்ரிப்ஸ் பதில் கிடையாது.

1994ல ஜாமாங்கிற அமெரிக்க மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. கடைசி கட்டத்துல, ஆனா நல்ல நினைவோட இருந்த 32 பேரை கவனிச்சாங்க. பெரும்பாலானவங்களுக்கு தாகமே இல்ல, இல்லன்னா ஆரம்பத்துல மட்டும் இருந்துச்சு. இருந்த தாகமும் வாய் வறட்சியும் சின்னச் சின்ன வாய் தண்ணி, ஐஸ் துண்டு, உதட்டுக்கு ஈரம், இதுலயே அடங்கிடுச்சு. அவங்க குடிச்ச அளவு உடம்போட தண்ணித் தேவைக்குப் பக்கத்துல கூட வராது. அப்புறம் 2013ல ஹாஸ்பிஸ்ங்கிற கடைசிக் காலப் பராமரிப்புல இருந்த 129 கேன்சர் நோயாளிகள ரெண்டா பிரிச்சு ஒரு பக்கத்துக்கு தினம் 1 லிட்டர், இன்னொரு பக்கத்துக்கு வெறும் 100 மில்லி சலைன் ஏத்திப் பாத்தாங்க. களைப்பு, மயக்கம், தசை துடிக்கிறது, பிரமை, இதுல எதுலயும் பெரிய வித்தியாசம் வரல, உயிரோட இருந்த காலத்துலயும் வரல.

அதுக்காக ட்ரிப்ஸே கூடாதுன்னு சொல்ல வரல. விடாம வாந்தி, பேதி, ரத்தத்துல கால்சியம் ஏறினது, தண்ணி குறைஞ்சு சிறுநீரகம் தடுமாறி மருந்து உடம்புல தேங்கி குழப்பமா பேசுறது, இந்த மாதிரி நேரத்துல ஏத்தினா உண்மையிலயே பலன் இருக்கும், தோலுக்கடியில மெதுவா ஏத்துற வழியும் இருக்கு. ஆனா கடைசி நாட்கள்ல இதயமும் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும்போது ஏத்துற தண்ணி காலு வீங்க, நெஞ்சுல சளி சேர, மூச்சு வாங்கத்தான் போகும். அத்தோட வாயும் வறண்டேதான் இருக்கும். ஐயா, உங்கப்பாவ யாரும் தாகத்தோட விடல. வாயை நனைச்சாங்கன்னா அந்த தாகத்துக்குத்தான் வைத்தியம் பாத்திருக்காங்க.

மூத்தமகன்
இத யாராவது அன்னிக்கே இப்படி உக்கார வச்சு சொல்லியிருந்தா எங்க வீட்ல அந்த சண்டையே வந்திருக்காது. நன்றி டாக்டர்.

பேச்சு முழுங்கல் பயிற்சியாளர்
ஒண்ண யாரும் இன்னும் சொல்லல. தண்ணி குடுக்கறதுக்கு முன்னாடி அவரால முழுங்க முடியுதான்னு பாருங்க. குடிச்சதும் இருமுறாரா, குரல் தண்ணிக்குள்ள பேசுற மாதிரி ஈரமா மாறுதா, ஒரு வாய்க்கு ரெண்டு மூணு தடவை முழுங்குறாரா. அப்படி இருந்தா நிமிர்ந்து உக்கார வச்சு, நல்லா முழிச்சிருக்கும்போது மட்டும், ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா, மோவாயை லேசா கீழ இறக்கி முழுங்கச் சொல்லுங்க, சிலருக்கு அது உதவும். படுத்த வாக்குல வாய்க்குள்ள ஊத்தவே ஊத்தாதீங்க, நேரா நுரையீரலுக்குப் போயிடும். தூக்கக் கலக்கத்துல இருக்கறவங்களுக்கு ஸ்ப்ரேல ரெண்டு பஃப் கன்னத்துப் பக்கமா, இல்லன்னா நனைச்சு நல்லா பிழிஞ்ச பிரஷ்ஷால ஒரு துடைப்பு, அது போதும். எண்ணெய் தடவுற பழக்கம் இருந்தா சொட்டு சொட்டா விடாதீங்க, முழுங்கல் சரியில்லாதவங்களுக்கு எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா வரும், அது சுலபத்துல போகாது.

ஐஸ் பொடிச்சு குடுக்கறது நிறைய பேருக்குப் பிடிக்கும். சமீபத்துல ஆக்ஸாலிபிளாட்டின் கீமோ வாங்கினவங்களுக்கு மட்டும் குளிர்ச்சியா குடுக்காதீங்க, தொண்டை இறுகுற மாதிரி ஆகி மூச்சே நின்னு போச்சுன்னு பயந்துடுவாங்க.

பழைய பராமரிப்பாளர்
ஸ்பான்ஞ்சு வச்ச குச்சி கிடைக்குதே, அதால துடைக்கலாமா?

வார்டு செவிலி
நான் அத எடுக்கறதில்ல. ஊற ஊற ஸ்பான்ஞ்சு குச்சியில இருந்து கழண்டு வாய்க்குள்ளயே தங்கி மூச்சடைக்கிற ஆபத்து இருக்கு, 2012ல பிரிட்டன்ல இதுக்கு எச்சரிக்கை கூட விட்டாங்க. குழந்தைங்களோட மெல்லிசான டூத்பிரஷ் இருந்தாலே போதும், நாக்கு, ஈறு, கன்னம் எல்லாம் துடைக்கலாம், கடிச்சாலும் உடையாது. உங்க விரல மட்டும் பல்லுக்கு நடுவுல விடாதீங்க, மயக்கத்துல இருக்கறவங்க தெரியாம கடிச்சுடுவாங்க.

துடைக்கிற முறையும் சொல்லிடுறேன், இதுல நான் ரொம்ப கறாரா இருப்பேன். புது ஜெல் போடறதுக்கு முன்னாடி பழைய ஜெல்லத் துடைச்சு எடுங்க. மேல மேல போட்டுகிட்டே இருந்தா அது காஞ்சு பசை மாதிரி ஆகி அதுவே தொந்தரவாயிடும். நாக்குல பொருக்கு கட்டியிருந்தா பிச்சு எடுக்காதீங்க, ரத்தம் வரும். முதல்ல ஈரமாக்கி ஜெல் போட்டு ஊற விட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு துடைச்சா தானா வரும், ஒரே தடவையில வரலன்னா அடுத்த தடவை வரட்டும். எச்சில் கெட்டியா நூல் நூலா இருந்தா கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர்ல உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன் கலந்து கொப்பளிக்கச் சொல்லுங்க, தினமும் புதுசா கலக்கணும். கொப்பளிச்சு துப்பத் தெரியுறவங்களுக்கு மட்டும்தான் இது, மத்தவங்களுக்கு பிரஷ்ஷ அதுல நனைச்சு பிழிஞ்சு துடைங்க.

மூச்சுக் குழாய்
எங்க சித்தப்பா ஆக்ஸிஜன்ல இருக்காரு, மூக்கு வாய் எல்லாம் காயுது. உதட்டுக்கு வாசலின் போடலாமா?

வார்டு செவிலி
ஆக்ஸிஜன் ஓடும்போது பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், தீப்பிடிக்கிற ஆபத்துன்னு தவிர்க்கச் சொல்லுவாங்க. தண்ணியில செஞ்ச ஜெல், லிப் கிரீம் போடுங்க. ஆக்ஸிஜன் அளவு நிமிஷத்துக்கு 4 லிட்டருக்கு மேல போச்சுன்னா நடுவுல ஈரப்பதம் சேக்குற தண்ணி பாட்டில் மாட்ட முடியுமான்னு கேளுங்க. ஆக்ஸிஜன் உண்மையிலயே இன்னும் தேவைப்படுதான்னும் டாக்டர் கிட்ட கேளுங்க, ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு சரியா இருந்தும் பழக்கத்துல ஓடிகிட்டே இருக்கறது உண்டு, மூச்சுத் திணறல் உணர்வுக்கு முகத்துக்கு நேரா ஒரு சின்ன ஃபேனே நிறைய பேருக்கு உதவும். ஆனா மேல தூக்கம் தொலைத்தவன் சொன்ன மாதிரி ஃபேன் வாயை வறட்டும், அதனால தேவைப்படுற நேரம் மட்டும் வச்சுட்டு அப்புறம் திருப்பிடுங்க.

தூக்கம் தொலைத்தவன்
எச்சில் சுரக்க வைக்கிற மாத்திரை பைலோகார்பின்னு ஒண்ணு இருக்குதாமே, அத எங்களுக்கு யாரும் சொல்லவே இல்ல.

வீட்டுக்கு வரும் டாக்டர்
இருக்கு. வழக்கமா 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 3 வேளை. சுரப்பில கொஞ்சமாவது உயிர் இருந்தாத்தான் வேலை செய்யும். மருந்தால வந்த வறட்சிக்கு சீக்கிரம் பலன் தெரியும், ரேடியேஷனால வந்ததுக்கு ரெண்டு மூணு மாசம் கூட ஆகலாம், அவ்ளோ காலம் கையில இருக்கான்னும் யோசிக்கணும். செயற்கை எச்சிலோட ஒப்பிட்டுப் பாத்ததுல இதுக்கு பலன் கூடுதல்தான், ஆனா வேர்த்துக் கொட்டுறது, தலைசுத்தல், கண்ணுல தண்ணி வடியுறதுன்னு தொந்தரவும் கூடுதல். கட்டுப்படாத ஆஸ்துமா, குறுகின கோண கிளாக்கோமாங்கிற கண் அழுத்த நோய், குடல் அடைப்பு இருந்தா குடுக்கக் கூடாது. கேன்சர் வயித்துக்குள்ள இருக்கறவங்களுக்கு குடல் அடைப்பு வர்ற வாய்ப்ப மனசுல வச்சுதான் எழுதணும், அதனால எல்லாருக்கும் முதல்லயே எழுதறதில்ல.

மெல்ல முடிஞ்சவங்களுக்கு நான் முதல்ல சொல்றது சர்க்கரை இல்லாத சூயிங்கம். மெல்லும்போது காதுக்கு முன்னாடி இருக்கற பெரிய சுரப்பி தூண்டப்பட்டு சொந்த எச்சிலே வரும், எந்த ஸ்ப்ரேயும் அதுக்கு ஈடாகாது. முத்தின நோய்ல இருந்தவங்க கிட்ட கம்மையும் செயற்கை எச்சிலையும் குடுத்துப் பாத்த ஆய்வுலயும் பாதிக்கு மேல கம்மத்தான் விரும்பினாங்க. பல்செட்ல ஒட்டாத வகையும் இருக்கு.

மூச்சுக் குழாய்
கடைசி நேரத்துல தொண்டையில கர் கர்னு சத்தம் வரும்போது எச்சில வறட்ட ஊசி போடுவாங்களே, அப்ப வாய் இன்னும் காயாதா? ஒரு பக்கம் ஈரமாக்கி ஒரு பக்கம் வறட்டி, இது சரியா?

வீட்டுக்கு வரும் டாக்டர்
கட்டாயம் காயும். கிளைகோபைரோலேட், ஹையோசின் ரெண்டுமே சுரப்பிய அடைக்கிறதுதான், ஏற்கனவே தேங்கின சளிய அது எடுக்காது, புதுசா சேர்றதத்தான் குறைக்கும். அந்த சத்தம் வர்ற நேரத்துல பேஷண்ட் பெரும்பாலும் ஆழ்ந்த மயக்கத்துல இருப்பாரு, கேக்குற நமக்குத்தான் தாங்க முடியாது. ஒருக்களிச்சுப் படுக்க வச்சாலே பல பேருக்கு சத்தம் குறையும், நான் அத முதல்ல செஞ்சு பாப்பேன், குடும்பத்துக்கு அது என்னன்னு விளக்குவேன். அதுக்கப்புறமும் ஊசி போட்டோம்னா அன்னிக்கு இருந்து வாயை நனைக்கிறத இரட்டிப்பாக்கணும். நினைவோட இருக்கறவங்களுக்கு அரை மணிக்கு ஒரு தடவை, மயக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது. ஊசி எழுதின அதே தாள்ல இதையும் எழுதணும்னு நான் பிடிவாதமா சொல்லுவேன்.

இளையவள்
அப்டேட் சொல்றேன். நர்ஸ் நேர்ல வந்து பாத்து பூஞ்சைதான்னு உறுதி பண்ணி நிஸ்டாட்டின் ஆரம்பிச்சாங்க. டாக்டர் லிஸ்ட்டப் பாத்து அலர்ஜி மாத்திரைய நிறுத்திட்டாங்க, தோல் வறண்டு போனதாலதான் அரிப்பாம், அதுக்கு தடவ கிரீம். ஆக்ஸிபியூட்டினினையும் மாத்தியாச்சு. அமிட்ரிப்டிலின் இருக்கு, அத எடுத்தா கால் வலி திரும்புமேன்னு அப்பாவே வேண்டாம்னுட்டாரு, வலி இல்லாம கொஞ்சம் வறட்சி இருந்தா பரவாயில்லங்கிறாரு, முடிவு அவரோடதுன்னு விட்டுட்டோம். பல்செட் ராத்திரி தண்ணியில. கம் மெல்றாரு. எரிச்சல் நல்லா குறைஞ்சிருக்கு, வறட்சி முழுசா போகல, ஆனா பேசுறாரு! அண்ணனும் ட்ரிப்ஸ் பேச்ச விட்டுட்டு வாயைத் துடைக்கிற வேலைய அவனே எடுத்துகிட்டான், ராத்திரி டியூட்டி அவனோடது. இன்னும் ஒரு சந்தேகம், திடீர்னு வலியோ பதட்டமோ வந்தா நாக்குக்கு அடியில வைக்க ஒரு மாத்திரை குடுத்திருக்காங்க, அது கரையவே மாட்டேங்குது, அப்படியே இருக்கு.

ஃபார்மசி தம்பி
அக்கா, அதுவும் இதே கதைதான். லோரசிபாமோ ஃபென்டனிலோ, நாக்கடியில வைக்கிற எந்த மாத்திரையும் எச்சில்ல கரைஞ்சுதான் உள்ள போகும், காஞ்ச வாயில கல்லு மாதிரி கிடக்கும், மருந்து வேலை செய்யலன்னு நினைச்சு இன்னொண்ணு வச்சுடக் கூடாது. வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடுத்து, இல்லன்னா ஸ்ப்ரே அடிச்சு நாக்கடிய நனைங்க, அப்புறம் மாத்திரைய வையுங்க, அதுக்கு முன்னாடி போட்ட ஜெல்ல துடைச்சுடுங்க. அப்பவும் கரையலன்னா வேற வடிவத்துல மாத்திக் குடுக்கச் சொல்லலாம். முழுங்குற மாத்திரைக்கும் அதேதான், முதல்ல ஒரு வாய் தண்ணி, அப்புறம் மாத்திரை, அப்புறம் மறுபடி தண்ணி, குடிச்சதும் உடனே படுக்க விடாதீங்க, தொண்டைக்குழாய்ல ஒட்டினா புண்ணாக்கும். மார்ஃபின் நீண்ட நேரம் வேலை செய்யுற வகையா இருந்தா முழுங்கக் கஷ்டம்னு பொடி பண்ணிடாதீங்க, மொத்த டோஸும் ஒரே நேரத்துல இறங்கிடும். திரவமா கேட்டு வாங்குங்க.

இளையவள்
நீண்ட நேர வகைதான் அது, நல்ல வேளை சொன்னே தம்பி. நாளைக்கு நர்ஸ் வரும்போது திரவம் கேக்குறேன்.